ஒன்பது தறியும் ஏறியாச்சு

அமாவாசையன்று பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்காது. மாதம் முழுக்கத் தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த ஒரு நாள்தான் கால் வெளியே வரும். தூங்குகிறவன் தூங்குவான், சீட்டாடுகிறவன் சீட்டாடுவான். உமாபதி முதலியாருக்கு இரண்டும் ஆகாது. அவருக்கு ஊர் சுற்ற வேண்டும். தனியாகப் போனாலாவது போகட்டும் என்று விடலாம், தெருவையே கூட்டிக்கொண்டு போவார்.

காக்கைக்குச் சோறு வைத்த கையோடு கிளம்பி, விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கூரத்துக்குப் போய்வந்தார்கள். திருப்பருத்திக்குன்றத்தில் கோயில் விதானத்துச் சித்திரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆளுக்கொரு கழுத்து வலியோடு வீடு சேர்ந்தார்கள். வாலாஜாபாத்தில் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்தார்கள். நாலு வருஷத்தில் ஒரு குழந்தையைக்கூடத் தொலைத்ததில்லை என்பது அவருடைய பெருமை. அதை வேறு யாரும் எடுத்துச் சொல்லாததால் அவரே சொல்லிக்கொள்வார்.

தொலைக்காததற்கு ஒரு முறை வைத்திருந்தார். அவர் தலைகளை எண்ணமாட்டார். தலையை எண்ணப் போனால் பிள்ளைகள் ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் குதிக்கும், எண்ணி முடிகிற காரியமா அது? அவர் எண்ணுவது தறியை. காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்யும் கோர்வைத் தறிக்கு ஒரு ஆள் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போட, அதாவது கரை நூல் சுற்றிய கட்டையைத் தள்ளிக் கொடுக்க, இன்னொரு ஆள் வேண்டும். ஆக, ஒரு தறி என்றால் அந்த இரண்டு பேரும் அவர்களுடைய பிள்ளை குட்டிகளும். "துரைக்கண்ணு தறி?" என்று கூப்பிடுவார் உமாபதி. "ஏறியாச்சு" என்பார் துரைக்கண்ணு. தன் தறி ஆட்களைத் தறிக்காரன் பார்த்துக்கொள்ள மாட்டானா என்ன?

அறுபத்தெட்டாம் வருஷத்து மார்கழி அமாவாசைக்கு வேடந்தாங்கல். வாலாஜாபாத் அரிசி மில் ஒன்றின் லாரியை அதன் டிரைவர் கண்ணாயிரம் கொண்டுவந்திருந்தான். சாயங்காலம் ஆறரைக்குள் மில்லில் நெல் ஏற்ற நிறுத்தியாக வேண்டும் என்பது பேச்சு. பின்னால் பாய் விரித்து, தார்ப்பாய் கட்டி, ஒன்பது தறிக்காரர்கள் குடும்பத்தோடு ஏறிக்கொண்டார்கள். உமிவாசனையில் பாதிப் பேர் தும்மிக்கொண்டே வந்தார்கள். ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தண்ணீருக்குள் நின்ற மரங்களில் இலை எது பறவை எது என்று தெரியவில்லை. நாலு மணிக்கு உமாபதி கரையில் நின்று தறிகளைக் கூப்பிட்டார். ஒன்பதும் ஏறியாச்சு. லாரி கிளம்பியது.

உத்திரமேரூரில் டீக்கடை ஓரம் நிறுத்தியபோது மணி ஐந்து இருக்கும். பிள்ளைகள் பசி என்றன. வீரபாகுவின் மனைவி கமலாட்சி, மிச்சப் புளியோதரையைக் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று லாரியின் பின்பக்கம் வந்து நின்றாள்.

"தூக்கு யாருகிட்ட இருக்குது?"

உள்ளே ஒருவர் மடியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்சாகிட்டதான் குடுத்தேன். அம்சா! ஏ அம்சவேணி! அந்தத் தூக்கை எடும்மா."

தார்ப்பாய்க்கு உள்ளே இருந்து தையல்நாயகி எட்டிப் பார்த்தாள். உமாபதியின் இளைய மகள். "அக்கா இங்க இல்லியே அத்தை. உங்க பக்கம்தானே உக்காந்துக்கினு இருக்குது?"

"எங்க பக்கமா? உன்கூட ஏறிட்டான்னு இல்ல நெனைச்சுக்கினு இருக்கேன்!"

கீழே டீ கிளாசோடு நின்ற உமாபதியின் காதில் இது விழுந்தது. முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் கிளாசைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முப்பத்தொரு முகம். மகள் முகம் இல்லை.

அம்சவேணி அவருடைய மூத்த பெண். தாயில்லாத பெண். பத்து வயசிலிருந்து அவருக்குக் கரை நாடா போட்டவள். ஆவணியில்தான் அவளை வீரபாகுவின் மகன் கந்தனுக்குக் கொடுத்தார். எட்டு வீடு தள்ளி அதே தெரு. தெருவுக்குள் கொடுத்தால் பெண் கண்ணெதிரிலேயே இருப்பாள் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அவள் போன மறுநாள் தையல்நாயகி அக்கா இடத்தில் வந்து உட்கார்ந்தாள். அங்கே கந்தனுக்குக் கரை நாடா போடுகிறவள் அவன் தாய் கமலாட்சி, இருபது வருஷமாய் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதவள். இரண்டு தறியிலும் அம்சவேணிக்கு இடமில்லை. ஏரிக்கரையில் உமாபதி கூப்பிட்டபோது வீரபாகு தன் தறி ஏறியாச்சு என்றார். உமாபதி தையல்நாயகியைப் பார்த்துவிட்டுத் தன் தறியும் ஏறியாச்சு என்று தானே சொல்லிக்கொண்டார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

லாரியைச் சுற்றிச் சத்தம் எழுந்தது. உன் வீட்டுப் பெண் என்றாள் கமலாட்சி. உன் வீட்டு மருமகள் என்றாள் தையல்நாயகி, வாயடக்கம் இல்லாமல். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தது போல லோகாம்பாள் ஆரம்பித்தாள். துரைக்கண்ணுவின் மனைவி அவள்.

"பத்தொம்பது வயசுப் பொண்ணு. லாரி கெளம்புற சத்தம் காதுல விழாமலா இருக்கும்? தானா நின்னுதோ, யாராவது நிக்க வெச்சாங்களோ, நமக்கு என்னம்மா தெரியும்?"

"வாயை மூடு" என்றார் துரைக்கண்ணு. ஆனால் அது எல்லார் காதிலும் விழுந்தாயிற்று.

வீரபாகு உமாபதியைத் தனியே இழுத்தார். "சம்மந்தி, கூட்டம் போட்டா பேரு கெட்டுப்பூடும். நீங்களும் கந்தனும் இங்கேர்ந்து பஸ்ஸைப் புடிச்சுப் போங்க. மத்தவங்க ஊரு போய்ச் சேரட்டும். யாராவது கேட்டா, அம்சா அவ பெரியம்மா வூட்டுல நின்னுட்டான்னு சொல்லிக்கலாம்."

"பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"ஏழுக்கு ஒண்ணு இருக்குதாம்."

உமாபதி மேற்கே பார்த்தார். சூரியன் பனைமரத்துக்குக் கீழே வந்துவிட்டது. இன்னும் முக்கால் மணி நேரத்தில் இருட்டிவிடும், நிலாவும் கிடையாது. அங்கே நின்ற யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்.

ஆறு நாளைக்கு முன் அம்சவேணி வீட்டுக்கு வந்திருந்தாள். தறிப் பக்கத்தில் வந்து நின்றாள். "அங்க என்கிட்ட யாரும் பேசறதில்ல நைனா" என்றாள். அவர் நாடாவை வீசிக்கொண்டே, போகப் போகச் சரியாயிடும்மா என்றார். தறியில் இருந்தது முகூர்த்தப் புடவை, மறுநாள் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். "ஒரு நாளைக்கு நான் இல்லாமப் போனாக்கூட அங்க யாருக்கும் தெரியாது நைனா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் தறியை நிறுத்தவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை. இப்போது அந்த வார்த்தை ஏரித் தண்ணீரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

"கண்ணாயிரம், லாரியைத் திருப்புப்பா" என்றார்.

கண்ணாயிரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஆறரைக்கு மில்லுல நிக்கணும் மொதலியாரே. மேஸ்திரி தோலை உரிச்சுடுவாரு."

"எம் பொண்ணுப்பா."

கண்ணாயிரம் கடிகாரக் கையை இறக்கினான். "எல்லாரும் எறங்குங்க. காலி வண்டின்னா வெரசாப் போவலாம்" என்றான். பெண்களும் பிள்ளைகளும் பெருமாள் கோயில் மண்டபத்தில் உட்காருவது என்று ஆயிற்று. யாரும் கூப்பிடாமலே கந்தன் முன்னால் ஏறி உமாபதியின் பக்கத்தில் உட்கார்ந்தான். கமலாட்சி அவன் கையைப் பிடித்து என்னவோ சொன்னாள். லாரி உறுமியதில் அது கேட்கவில்லை.

பன்னிரண்டு மைல். போகும்போது பாட்டும் கூத்துமாகப் போன பாதை. இப்போது ஒவ்வொரு மாட்டு வண்டியும் நடுரோட்டில் அசைந்துகொண்டு வந்தது. ஒரு இடத்தில் ஆட்டு மந்தை. கண்ணாயிரம் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. உமாபதிக்கு இறங்கி ஓடினால் தேவலை போலிருந்தது.

"நீ எப்பக் கடைசியாப் பாத்த?" என்றார் கந்தனிடம்.

"சாப்பிடறப்ப மாமா. இலை எடுத்துக்கினு இருந்தா."

"அப்புறம்?"

"கவனிக்கல."

"எதுனா சொன்னாளா?"

கந்தன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தன்று இருந்த மாதிரியே இப்போதும் பள்ளிக்கூடத்துப் பையன் முகம். "நாலு நாளா நான் அவகூடப் பேசல மாமா. அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரு தகராறு. நான் அவகிட்டப் பேசுனா அம்மா சாப்பிடறதில்ல. சரி, ரெண்டு நாளு போவட்டும்னு..."

அவனை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் என்று உமாபதிக்கு வெறி வந்தது. கையும் எழுந்துவிட்டது. ஆனால் எந்த முகத்தோடு அடிப்பது? நாலு நாள் பேசாதவனை, கேட்டும் கேட்காதவன் அடிப்பதா? எழுந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேடந்தாங்கல் வந்தபோது மேற்கே சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது. ஏரிக்கு மேலே வானம் முழுக்கப் பறவை. இரை தேடப் போனதெல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதுகூடக் கேட்காது. உமாபதி லாரி நிற்பதற்கு முன்னாலேயே குதித்து, கரைமேல் ஏறி, "அம்சா! அம்சா!" என்று கத்தினார்.

காக்கிச் சட்டை போட்ட காவலாள் ஒருவர் தடியோடு ஓடிவந்தார். தர்மன் என்று பெயர், அந்த ஊர்க்காரர். "யோவ், கத்தாதய்யா! கூடு அடையற நேரம். போனவங்க எல்லாம் போயாச்சு, கேட்டைப் பூட்டப்போறேன்."

"எம் பொண்ணு இங்க நின்னுட்டா. பச்சைப் புடவை. பாத்தீங்களா?"

"இந்தக் கரையில யாரும் இல்ல. நான் இப்பதான் அந்தக் கோடிக்குப் போய்ட்டு வரேன்."

உமாபதி அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினார். மத்தியானம் சாப்பிட்ட இடம், மரத்தடி, எச்சில் இலைகள், எல்லாம் அப்படியே கிடந்தன. அதற்குக் கீழே தண்ணீருக்கு இறங்கும் கற்படி. கடைசிப் படிக்கு மேல் படியில் அந்தத் தூக்கு இருந்தது. மூடியை அழுத்தி மூடி, துடைத்து, பிடி நிமிர்த்தி வைத்திருந்தது. தண்ணீருக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அது பொய். கால் ஓடியது. உமாபதி நேரே தண்ணீரில் இறங்கினார். பிறந்ததிலிருந்து கிணற்றில்கூடக் குதித்தறியாத மனுஷன். முழங்கால், இடுப்பு, மார்பு. காலடியில் சேறு வழுக்கியது. இரண்டு கையாலும் தண்ணீரைத் துழாவினார். பின்னால் கந்தன் விழுந்தடித்து இறங்குவது கேட்டது. "எம்மா! எம்மா! நைனா வந்துட்டேம்மா!" என்று அவர் கத்தியது பறவைச் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை. துணி மாதிரி ஏதோ கையில் பட்டது. இழுத்தார். பாசி. அந்தப் பாசியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிஷத்தில், மகள் செத்துவிட்டாள் என்று அவர் நம்பிவிட்டார். தன் கையால் கொன்றதாகவே நம்பினார்.

"யோவ், அங்க ஆழம்! ஏறுய்யா மேல!" தர்மன் படியில் நின்று தடியை நீட்டினார்.

அதற்குள் கரைமேல் அரிக்கன் விளக்கு ஒன்று வந்தது. "யாரு அது? அந்தப் பொண்ணைத் தேடறாங்களா?" என்றது ஒரு பெண் குரல். தர்மனின் மனைவி பொன்னியம்மாள். "அது நம்ம வூட்டுல இல்ல இருக்குது! உனக்குச் சொல்லலாம்னா நீ அந்தக் கோடியில இருந்த. இவங்களுக்குச் சொல்ல ஆள் அனுப்பலாம்னா ஆளு ஆப்புடல. தண்ணிக்குள்ள ஏன்யா நிக்கிறீங்க?"

உமாபதிக்கு உடனே ஏற முடியவில்லை. தடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்று அழுதார். கந்தன்தான் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினான்.

காவலாள் வீடு கரைக்குக் கீழேயே இருந்தது. நடக்கும்போது பொன்னியம்மாள் சொன்னாள்: "லாரி கெளம்பறப்ப நான் புல்லு அறுத்துக்கினு இருந்தேன். இது அந்த மரத்தாண்ட நின்னு பாத்துக்கினே இருக்குது. ஏம்மா, உங்க வண்டி போவுதே, கத்தும்மான்னேன். கத்தல. ரோடு வளையுற வரைக்கும் பாத்துட்டு, படியில இறங்கி அந்தத் தூக்கு மேல ஒட்டுனதைக் கழுவிச்சு. எனக்கு அது பாக்குற பார்வை புடிக்கல. கையைப் புடிச்சு இட்டாந்துட்டேன்."

வீட்டு வாசலுக்குப் பத்தடி முன்னால் உமாபதி நின்றுவிட்டார். உள்ளே அம்சவேணியின் குரல் கேட்டது. பொன்னியம்மாளின் மாமியார்க் கிழவியிடம் பேசிக்கொண்டிருந்தாள். கரை நாடா எப்படிப் போடுவது, ஒரு இழை அறுந்தால் எப்படி முடிவது, எந்த நிறத்துக்குக் கண் வலிக்கும். பேசினாள், பேசினாள், மூச்சு விடாமல் பேசினாள். கிழவி ஏதோ கேட்டதற்குச் சிரிக்கக்கூடச் செய்தாள். ஆவணிக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசி உமாபதி கேட்டதில்லை.

அவர் நிலைப்படியில் வந்து நின்றதும் பேச்சு நின்றது. சொட்டச் சொட்ட நனைந்து நிற்கும் அப்பாவையும் அவருக்குப் பின்னால் நிற்கும் கந்தனையும் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"எங்க போயித் தெரிஞ்சுது?" என்றாள்.

"உத்திரமேரூர்லம்மா."

"அவ்ளோ தூரமா." அவள் அதைக் கொஞ்சம் யோசித்தாள். "யாரு மொதல்ல கேட்டாங்க?"

கந்தன் தொண்டையைச் செருமினான். நான்தான் என்று சொல்லப்போகிறான் என்பது உமாபதிக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. அவள் அழுதுகொண்டே எழுந்து வருவாள், லாரியில் ஏற்றிவிடலாம், கோயில் மண்டபத்தில் ஆளாளுக்கு ஒரு சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள். அவனுக்கு முன்னால் இவர் பேசினார்.

"யாரும் உன்னைக் கேக்கலம்மா. உங்க மாமியாரு தூக்கைத் தேடுனாங்க. அப்பதான் தெரிஞ்சுது."

"நீ?"

"நானும் கேக்கல."

கிழவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அம்சவேணி அழவில்லை. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, ரொம்ப நாளாக இருந்த ஒரு சந்தேகம் தீர்ந்த மாதிரி இருந்தது. அதைப் பார்க்க உமாபதிக்குத் தாங்கவில்லை.

"அந்தப் படியில உக்காந்து யாரு தேடுவாங்கன்னுதான் நெனைச்சேன் நைனா. அங்க எதுக்கு உக்காந்தேன்னு கேக்காத. இந்த அக்கா வரலன்னா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல" என்றாள். "ஆனா வந்துட்டாங்க. இனிமே பயப்படாத."

"எழுந்திரும்மா. வூட்டுக்குப் போவலாம். நம்ம வூட்டுக்கே வந்துடு."

"இன்னிக்கு வரல."

"என்னம்மா சொல்ற?"

"இப்ப நீங்க என்னை ஏத்திக்கினு போயி எறக்கிட்டீங்கன்னா எல்லாம் சரியாப் போச்சுன்னு ஆயிடும். நாளைக்குக் காலையில எல்லாரும் தறியில உக்காந்துடுவீங்க. நான் இங்கதான் படுக்கப்போறேன். அக்காவைக் கேட்டுட்டேன். காலையில பஸ்ஸு ஏறி நானா வரேன். எந்த வூட்டு வாசல்ல எறங்கறதுன்னு ராத்திரி யோசிச்சுச் சொல்றேன்."

வெளியே கண்ணாயிரம் ஹாரன் அடித்தான். உமாபதி மகளைப் பார்த்தார், பொன்னியம்மாளைப் பார்த்தார். ஒரு பெண்ணை ராத்திரி அசலூரில் விட்டுவிட்டு வந்தால் லோகாம்பாள் வாய்க்கு ஒரு வருஷத்துக்குத் தீனி. அது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வற்புறுத்த வாய் வரவில்லை. தூக்கைத் தேடி வந்த கூட்டத்தில் தானும் ஒருவன், எந்த உரிமையில் கையைப் பிடித்து இழுப்பது?

அப்போது கந்தன் உள்ளே போனான். ஈர வேட்டியோடு மண்தரையில், அவளுக்கு நாலடி தள்ளி, சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "நீங்க போங்க மாமா" என்றான், அவரைப் பார்க்காமல். "நானும் இங்க இருக்கேன்."

அம்சவேணி அவன் ஈர வேட்டியைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உத்திரமேரூர் மண்டபத்தில் எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். லாரியிலிருந்து உமாபதி ஒருவர் மட்டும் இறங்குவதைப் பார்த்ததும் தையல்நாயகி அலறிவிட்டாள். "இருக்காடி, உங்கக்கா நல்லா இருக்கா" என்று அவளைப் பிடித்து நிறுத்தினார். லோகாம்பாள் ஏதோ கேட்க வந்தாள். துரைக்கண்ணு அவளைப் பார்த்த பார்வையில் பேசாமல் போனாள்.

கமலாட்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கண் லாரிக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது.

"எம் புள்ள எங்க சம்மந்தி?"

"அங்கியே உக்காந்திருக்கான்."

"ஏன்? எதுக்கு? அவ வரலன்னா இவன் வர வேண்டியதுதானே?"

"அவகூடப் பேசறதுக்கு உக்காந்திருக்கான்மா" என்றார் உமாபதி. "அவ வாயைத் தொறக்கல. அவனும் எழுந்திரிக்கல."